கோட்டை யாருடையது? - லுவார் நதிக்கரையில் ஒரு சைக்கிள் பிரயாணம்



இன்று நம்மைப் பேச அழைத்த தோழர்கள், "பிரஞ்சு தேசத்தில் சைக்கிளிலேயே சுற்றி வந்தீர்களாமே, அதைச் சொல்லுங்கள்" என்று விஷயத்தையும் அவர்களே குறிப்பிட்டுவிட்டார்கள். வெளிநாடு போய் வந்தவர்கள் வழக்கமாக இரண்டு விதமாகப் பேசுவார்கள். அங்கே தெருவெல்லாம் கண்ணாடி போல் இருக்கிறது, நம் ஊர் குப்பைமேடு என்பது ஒரு விதம். எங்கே போனாலும் நம் ஊர் போல் வராது என்பது மற்றொரு விதம். இவ்விரண்டினாலும் கேட்பவர்களுக்கு எள்ளளவும் பிரயோஜனமில்லை. ஆகையால் நாம் கண்டதையும், கண்டபோது நமக்குத் தோன்றிய கேள்வியையும் மாத்திரம் சொல்ல உத்தேசித்திருக்கிறோம். நாம் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. வாசகசாலையிலும் இரவல் புத்தகத்திலும் படித்ததே நம் படிப்பு. நாம் சொல்லுவதில் சந்தேகமுள்ளவர்கள் தாராளமாக விசாரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தகப்பனார் ஒரு பழைய சைக்கிள் வைத்திருந்தார். நம்மை முன்னால் உட்கார வைத்துச் சந்தைக்கு மிதித்துக்கொண்டு போவார். மேலத்தெரு முனை வந்தவுடன் இறங்கிவிடுவார். நம்மையும் இறக்கிவிட்டு, தெரு முடிகிற வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், அதற்கப்பால்தான் ஏறுவார். சிறுபிள்ளையான நாம், அந்த இடத்தில் தினமும் சங்கிலி கழன்று விடுகிறது போலும் என்று எண்ணியிருந்தோம். சைக்கிளின் மேல் உட்கார்ந்தபடி அந்தத் தெருவில் போக அவருக்குப் "பாத்தியதை" இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆகவே தோழர்களே! எந்தப் பாதையில் எந்த மனிதன் எப்படிப் போகலாம் என்பது நமக்கு வேடிக்கைப் பேச்சல்ல.

நிற்க. நம்மை அழைத்தவர் புதுச்சேரித் தோழர் ஒருவர். புதுச்சேரி 1954-ம் வருஷம் வரையில் பிரஞ்சு ஆட்சியில் இருந்தது. 1962-ல் சட்டப்படி ஒப்படைக்கப்பட்டபோது பிரஞ்சுப் பிரஜைகளாகவே இருந்துகொண்ட குடும்பங்கள் பல. இவருடைய குடும்பமும் அப்படிப்பட்டதே. இருவரும் வாடகைச் சைக்கிள் எடுத்துக்கொண்டு, ஓர்லியான் என்ற நகரத்திலிருந்து நாந்த் என்ற துறைமுகம் வரையில், ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தூரம், ஒன்பது நாளில் போனோம். வழி நெடுக லுவார் நதி கூடவே வருகிறது. சுமார் 1,000 கிலோமீட்டர் ஓடும் அந்நதி பிரான்சிலேயே நீளமானது. அதன் கரையோரமாகச் சைக்கிளுக்கென்றே சுமார் 900 கிலோமீட்டர் வழி குறித்து வைத்திருக்கிறார்கள். பல இடங்களில் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய பழைய மண் கரையின் மேலேயே அவ்வழி போகிறது. ஒரு புறம் நதி, மறுபுறம் திராட்சைத் தோட்டம், கொஞ்ச தூரத்திற்கு ஒரு கோட்டை அல்லது மாளிகை. மோட்டாரில் போனால் கோட்டையை மட்டும் பார்க்கலாம். சைக்கிளில் போனால் இரண்டு கோட்டைகளுக்கு நடுவில் இருப்பதையும் பார்த்தே ஆகவேண்டும். இதுதான் சைக்கிளின் பெரிய உபகாரம்.

நாம் புறப்பட்ட நாள் மே மாதம் 8-ம் தேதி. அன்று ஓர்லியானில் திருவிழா. 1429-ம் வருஷம் அதே தேதியில் ஆங்கிலேயரின் முற்றுகையிலிருந்து நகரத்தை மீட்டவள் ஜோன் என்ற குடியானவப் பெண். அவளுக்காக ஊர்வலம், கொடி, மேளம் எல்லாம் நடக்கின்றன. அவள் வானத்திலிருந்து குரல் கேட்டதாகச் சொன்னதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் பிரபுக்களின் நடுவில் நிமிர்ந்து நின்று பேசினாளே, அதை யார் மறுக்க முடியும்? அவளுக்கு என்ன கிடைத்தது? ஆங்கிலேயர் வசமிருந்த ரூவான் நகரத்தில் பாதிரிமார்கள் கூடி விசாரித்து, 1431-ம் வருஷத்தில், சுமார் 19 வயதிலேயே உயிரோடு கொளுத்தினார்கள். அவள் மேல் சாட்டிய குற்றங்களில் ஆண் உடை அணிந்தாள் என்பதும் ஒன்று. 25 வருஷம் கழித்து, 1456-ல், அந்தத் தீர்ப்பு செல்லாது என்று அதே மத சபை சொல்லிற்று. 1920-ல் அதே சபை அவளைப் புனிதவதி என்று அறிவித்தது. கொளுத்தினதும் சபையின் பெயரால், கும்பிடச் சொன்னதும் சபையின் பெயரால். நடுவில் எரிந்துபோனது மாத்திரம் அந்தப் பெண்.

இதற்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தமிருக்கிறது. ஜோனைக் கொளுத்தி 369 வருஷங்களுக்குப் பிறகு, புரட்சியெல்லாம் நடந்து முடிந்த பின், 1800-ம் வருஷத்தில் பாரிஸ் போலீஸ் அதிகாரி ஓர் உத்தரவு போட்டார். பெண்கள் ஆண் உடை அணிவதானால் போலீசில் போய் அனுமதி வாங்க வேண்டும் என்பது உத்தரவு. பிறகு 1892, 1909 ஆகிய வருஷங்களில் அதற்கு விலக்குக் கொடுத்தார்கள். என்ன விலக்கு? கையில் குதிரையின் கடிவாளமோ, சைக்கிளின் ஹாண்டில்பாரோ இருந்தால் பெண் காற்சட்டை போட்டுக்கொள்ளலாமாம்! அதாவது பெண்ணுக்குச் சுதந்திரம் கொடுக்க மனமில்லாத சர்க்கார், சைக்கிளுக்குச் சுதந்திரம் கொடுத்தது. அந்தப் பழைய உத்தரவு செல்லாது என்று ஒரு மந்திரி எழுத்து மூலமாகச் சொன்னது 2013-ம் வருஷத்தில்தான். நமக்கு முன்னால் அன்று பாதையில் காற்சட்டை அணிந்து வேகமாக மிதித்துக்கொண்டு போன பாட்டிமார்களைப் பார்த்தபோது, இவர்கள் எவ்வளவு பெரிய தடையைத் தாண்டிப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டோம்.

மறுநாள் ஷாம்போர் போய்ச் சேர்ந்தோம். முதலாவது பிரான்சுவா என்ற இராஜா 1519-ல் தொடங்கிய மாளிகை அது. 400-க்கு மேற்பட்ட அறைகள். குளிர்காய்வதற்கு 280-க்கு மேற்பட்ட கணப்புகள். ஏறுபவரும் இறங்குபவரும் எதிர்ப்படாதபடி ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு போகும் இரட்டைப் படிக்கட்டு. பார்த்தவர் பிரமித்துத்தான் போவார்கள். நாமும் பிரமித்தோம். ஆனால் 32 வருஷம் ஆண்ட அந்த இராஜா இந்த மாளிகையில் தங்கியது மொத்தமாக எண்ணினால் சுமார் 70 நாள்தானாம்! வேட்டைக்கு வந்தபோது இறங்குவதற்கு ஒரு வீடு, அவ்வளவுதான். அந்த வேட்டைக் காட்டைச் சுற்றி 32 கிலோமீட்டர் நீளத்திற்குச் சுவர் இருக்கிறது. உள்ளே சுமார் 5,400 ஹெக்டேர் நிலம்.

அந்தச் சுவரின் வாசலை நெருங்கியதும் நாம் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தோம். முன்னால் போன தோழர் திரும்பிப் பார்த்து, "ஏன் தோழர் இறங்கிவிட்டீர்கள்? ஏறியே வரலாமே" என்றார். ஏன் இறங்கினோம் என்று நமக்கே தெரியவில்லை. யாரும் இறங்கச் சொல்லவில்லை. இறங்கச் சொல்லிப் பலகையுமில்லை. பெரிய மனிதர் வாசலைக் கண்டால் இறங்குவது என்பது தகப்பனாரிடமிருந்து நம் காலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மூளையில் இருப்பதை வாசகசாலையில் தீர்த்துக்கொள்ளலாம், காலில் இருப்பதை எங்கே போய்த் தீர்ப்பது? வெட்கத்தோடு மறுபடியும் ஏறி உட்கார்ந்து, இராஜா வேட்டையாடின பாதையில் மணியடித்துக்கொண்டு போனோம்.

அந்தச் சுவருக்கு வெளியே இருந்தவர்களின் கதியை யோசித்துப் பாருங்கள். வேட்டையாடும் உரிமை பிரபுக்களுக்கு மாத்திரமே இருந்தது. மானும் பன்றியும் முயலும் குடியானவனின் பயிரைத் தின்றால் அவன் அடித்து விரட்டக்கூடாது. பிரபு புறாக்கூண்டு வைத்து வளர்ப்பார். புறாக்கள் குடியானவன் தெளித்த விதையைப் பொறுக்கித் தின்னும். குடியானவன் புறாவைத் தொட்டால் குற்றம். இவ்வளவும் பொறுத்துக்கொண்டு பிரபுவுக்கு வாரம், சர்க்காருக்கு வரி, பாதிரிக்கு விளைச்சலில் பங்கு என்று அவன் அளக்கவும் வேண்டும். இது போதாதென்று 18-ம் நூற்றாண்டில் இராஜபாட்டைகளைப் போடுவதற்குக் கூலியில்லாத வெட்டி வேலை வேறு. 1776-ல் துர்கோ என்ற மந்திரி இந்த வெட்டி வேலையை எடுத்தார். அவர் பதவி போன அதே வருஷத்தில் அது திரும்பி வந்துவிட்டது.

இது எப்படி ஒழிந்தது? பிரபுக்கள் மனமிரங்கி விட்டுக்கொடுத்தார்களா? இல்லை. 1789-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பல மாகாணங்களில் குடியானவர்கள் மாளிகைகளுக்குள் புகுந்து, தங்கள் கடமைகள் எழுதப்பட்டிருந்த தஸ்தாவேஜுகளைக் கொளுத்தினார்கள். அதன் பிறகுதான் ஆகஸ்டு 4-ம் தேதி இரவு, ஜனப்பிரதிநிதி சபையில் பிரபுக்களே எழுந்து நின்று, "எங்கள் உரிமைகளை விட்டுவிட்டோம்" என்றார்கள். அந்தத் தீர்மானத்தில் புறாக்கூண்டுக்கென்றே ஒரு பிரிவு, வேட்டைக்கென்றே ஒரு பிரிவு இருக்கின்றன. அப்பொழுதும் பல வாரங்களைப் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ளும்படிதான் சொன்னார்கள். பணமில்லாமலே ரத்தானது 1793-ல்.

அடுத்து அம்புவாஸ். அங்கேதான் லியோனார்டோ டாவின்சி என்ற பேரறிஞர் 1519-ல் காலமானார். அவர் முறையான கலியாணத்தில் பிறந்தவரல்ல. பண்டிதர்களின் லத்தீன் படிப்பும் முறையாகப் படித்தவரல்ல. அப்படியிருந்தும் படம் எழுதினார், உடலை அறுத்துப் பார்த்து நரம்பும் எலும்பும் வரைந்தார், பறவை பறப்பதைக் கவனித்து இயந்திரத்திற்குத் திட்டம் போட்டார். அதே ஊரில், அவர் இறந்து 41 வருஷங்களில், அதாவது 1560-ல், சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் சிலர் இளம் இராஜாவைக் கைப்பற்றச் சதி செய்தார்கள் என்று சொல்லி, நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்று, பலருடைய பிணங்களைக் கோட்டையிலேயே தொங்கவிட்டார்கள். இரு கட்சியும் கும்பிட்டது ஒரே ஏசுவைத்தான். 1598-ல் நாந்த் நகரத்தில் போட்ட சாஸனம் சீர்திருத்தக் கட்சிக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தது. 1685-ல் 14-வது லூயி அதையும் ரத்து செய்தார். சுமார் 2 லட்சம் பேர், அவர்களில் பலர் கைத்தொழிலாளிகள், தேசத்தை விட்டு ஓடினார்கள். நாம் போன வழியிலுள்ள சோமூர் என்ற ஊரில் அக்கட்சியார் நடத்திய பேர்பெற்ற கல்விச்சாலையும் அந்த வருஷத்தோடு மூடப்பட்டது.

சோமூரில்தான், தோழர்களே, நம் மனதை விட்டு நீங்காத ஒரு காட்சியைக் கண்டோம். அப்பக்கத்துக் கோட்டைகளெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. அது ஒரு மெதுவான சுண்ணாம்புக் கல். நதிக்கரைக் குன்றுகளிலேயே வெட்டி எடுத்து, படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கட்டியிருக்கிறார்கள். கல் எடுத்த இடமெல்லாம் குன்றில் குகையாக நிற்கிறது. அந்தக் குகைகளுக்குக் கதவு வைத்து, புகைபோக வழி செய்து, ஏழை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்திருக்கிறார்கள். இப்பொழுது சிலவற்றில் திராட்சை மது வைக்கிறார்கள், சிலவற்றில் காளான் வளர்க்கிறார்கள், சில இன்னும் வீடுகளாகவே இருக்கின்றன. மேலே கோட்டை, கீழே அந்தக் கோட்டைக்குக் கல் வெட்டின குழி. குழியில் குடியிருந்தவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. புத்தகத்தைத் திறந்தால் இன்ன இராஜா கட்டினார், இன்ன பிரபு கட்டினார் என்றிருக்கிறது. கட்டினார் என்றால் என்ன? சுத்தியலைத் தூக்கினாரா? சாரத்தில் ஏறினாரா? கல் சரிந்து விழுந்து செத்தாரா?

அதற்கும் மேற்கே போனால் ஆங்கிராந்து என்ற சிறு ஊர் வருகிறது. பழைய காலத்தில் அதுதான் ஆன்ஜு, பிரிட்டனி என்ற இரு மாகாணங்களுக்கும் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் உப்புக்கு வரியில்லை. இந்தப் பக்கம் கடுமையான வரி. போதாததற்கு எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவருக்கும் இவ்வளவு உப்பு என்று கணக்கிட்டு, சர்க்கார் கிடங்கிலேயே வாங்கித் தீரவேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஆகையால் இரவில் நதியைக் கடந்து உப்புக் கடத்தினார்கள். ஆயுதத்தோடு பிடிபட்டவர்களைத் துடுப்பு வலிக்கும் தண்டனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். உப்புக்கு வரி என்றால் என்ன என்பது வேதாரண்யத்தை 1930-ல் பார்த்த நமக்குத் தெரியாததல்ல. ஷாம்போரின் கணப்புகளில் எரிந்தது விறகு மாத்திரமல்ல என்று அந்த ஊரில் நின்றபோது தோன்றிற்று.

கடைசியில் நாந்த். அந்தத் துறைமுகத்திலிருந்து ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து அமெரிக்கத் தீவுகளில் விற்பதற்காக 1,700-க்கு மேற்பட்ட கப்பல் பயணங்கள் நடந்திருக்கின்றன. அந்த வியாபாரிகளின் மாளிகைகள் இன்றும் அழகாக நிற்கின்றன. 2012-ல் நதிக்கரையில் ஒரு நினைவுச் சின்னம் வைத்து, அந்தக் கப்பல்களின் பெயர்களைக் கண்ணாடிப் பலகைகளில் பதித்திருக்கிறார்கள். நடந்துகொண்டே காலுக்கடியில் படிக்கலாம். ஆப்பிரிக்கக் கரையில் மனிதனுக்கு விலையாகக் கொடுத்த சரக்குகளில் துணி முக்கியமானது. அந்தத் துணியில் நம் சோழமண்டலக் கரையில் நெய்ததும் உண்டு. நெய்தவனுக்கு அது எங்கே போகிறது என்றே தெரியாது. 1789-ல் மனித உரிமை பேசின தேசம் அடிமைத்தனத்தை 1794-ல் ஒழித்தது, 1802-ல் நெப்போலியன் கையால் திரும்பக் கொண்டுவந்தது, 1848-ல்தான் முடிவாக விட்டது. பெண்களுக்கு ஓட்டு 1944-ல்தான் கொடுத்தது. ஆகவே எந்தத் தேசத்தையும் முழுதாகத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் நமக்கில்லை.

நிற்க. வழியில் நடந்த ஒரு சிறு சம்பவத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். ஏழாம் நாள் மழையில் நம் சைக்கிள் பஞ்சராகிவிட்டது. ஒரு கிராமத்தில் எண்பது வயதுக்கு மேற்பட்ட கிழவர் ஒருவர் தம் கொட்டகையில் இடம் கொடுத்து, தாமே ட்யூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். கொட்டகைச் சுவரில் இருவர் மிதிக்கும் ஒரு நீளச் சைக்கிள் துருவேறித் தொங்கிற்று. என்ன அது என்று தோழர் கேட்டார். கிழவர் சொன்னதைத் தோழர் நமக்குத் தமிழில் சொன்னார். அவருடைய தாயும் தகப்பனும் பாரிஸில் ஆலைத் தொழிலாளிகள். 1936-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அந்தச் சைக்கிளில்தான் இருவரும் இந்த நதியைப் பார்க்க வந்தார்களாம். அதுவரையில் கோட்டைகளைக் காலண்டர் படத்தில் மாத்திரம் பார்த்தவர்களாம். "என் அம்மா எந்தக் கோட்டையையும் பற்றி அதிகம் சொன்னதில்லை. வேலை நாளில் காலை பத்து மணிக்குப் புல்லில் உட்கார்ந்திருந்தோம் என்பதைத்தான் சாகிற வரையில் சொல்லிக்கொண்டிருந்தாள்" என்றார்.

அந்த 1936-ல் என்ன நடந்தது தெரியுமா? மே, ஜூன் மாதங்களில் லட்சக்கணக்கான தொழிலாளிகள் வேலையை நிறுத்தி, ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பலனாக ஜூன் மாதத்தில் லியோன் ப்ளூம் மந்திரிசபை சட்டம் செய்தது. வாரத்திற்கு 40 மணி நேர வேலை, வருஷத்தில் இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை. லியோ லக்ராஞ்சு என்ற துணை மந்திரி தொழிலாளிகளுக்கு இரயில் கட்டணத்தில் 40 சதவிகிதம் குறைத்துக் கொடுத்தார். இரயிலுக்கும் வழியில்லாதவர்கள் சைக்கிளில் கிளம்பினார்கள். அந்த இரண்டு வாரம் 1982 முதல் ஐந்து வாரமாக வளர்ந்திருக்கிறது. ஊர் சுற்றுவது பணக்காரன் பொழுதுபோக்கு என்று சொல்லுகிறார்களே, அதைத் தொழிலாளியின் பாத்தியதை ஆக்கினது அந்தச் சட்டமும், நாலு காசுக்குக் கிடைத்த அந்த இரண்டு சக்கரமும்தான்.

"அப்படியானால் இந்தக் கோட்டைகளையெல்லாம் இடித்துவிட வேண்டும் என்கிறீர்களா?" என்று யாராவது கேட்கலாம். ஒருபோதும் சொல்ல மாட்டோம். அது வெட்டினவன் கல், கட்டினவன் சுவர். இராஜாவின் மேல் கோபம் கொண்டு தச்சனின் வேலையை உடைப்பது புத்திசாலித்தனமாகாது. ஷாம்போர் 1930 முதல் சர்க்கார் சொத்து. நாம் போன அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னாலுள்ள புல்வெளியில் ரொட்டி தின்றுகொண்டு ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். இராஜா 70 நாள் அனுபவித்ததை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கட்டும். நாம் சொல்லுவதெல்லாம், பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள் என்பதுதான். இதைக் கட்டியது யார் கை? இதற்குக் கொடுத்தது யார் வரி? இதன் வாசலில் யாரை நிறுத்தி வைத்தார்கள்? இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அழகை ரசியுங்கள்.

நம் தகப்பனார் இப்பொழுது இல்லை. அவருக்கு இந்தப் பிரயாணத்தைச் சொல்லியிருந்தால் கோட்டையைப் பற்றி ஒன்றும் கேட்டிருக்க மாட்டார். "வாசலில் இறங்கச் சொல்லவில்லையா?" என்று மாத்திரம் கேட்டிருப்பார். ஆகவே தோழர்களே! உங்கள் ஊரில் எந்தத் தெரு முனையிலாவது ஒரு மனிதன் காரணமில்லாமல் சைக்கிளை விட்டு இறங்குவதைக் கண்டால், சங்கிலி கழன்றதோ என்று எண்ணிப் பேசாமலிருந்துவிடாதீர்கள். அவரோடு கூடவே நீங்களும் ஏறி, பக்கத்தில் மிதித்துக்கொண்டு அந்தத் தெருவைக் கடந்து விடுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.